தனிக்குரலும் இரவல் சின்னமும்

"ஐயா, சுயேச்சைக்குப் போடுகிற ஓட்டு கிணற்றில் போட்ட கல்தானே?"

ஒன்பதாம் வகுப்பில் குடிமையியல் பாடம் நடத்திக் கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுந்து இப்படிக் கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அச்சிறுவன் கேள்வியாகக் கேட்டதைத்தான், 2015ஆம் ஆண்டில் இந்தியச் சட்ட ஆணையம் தன் 255ஆவது அறிக்கையில் விடையாகவே எழுதி வைத்தது. கட்சிகள் நிறுத்தும் வேட்பாளர் மட்டுமே தேர்தலில் நிற்கலாம். தனித்து நிற்போருக்குக் களத்தில் இடம் வேண்டாம். அதற்கேற்பச் சட்டத்தைத் திருத்துக என்பது அதன் பரிந்துரை. அது சட்டமாகவில்லை. ஆயினும், அறிந்தோர் அவையில் அந்த எண்ணம் இடம்பிடித்து விட்டது. எனவே அதை எடைபோட்டுப் பார்ப்பது நம் கடமையாகிறது.

சுயேச்சைகள்மீது கூறப்படும் குற்றச்சாட்டுகள் பொய்யல்ல. 1967இல் அரியானா சட்டமன்றத்துக்குச் சுயேச்சையாக வென்று வந்த கயா லால், பதினைந்து நாட்களுக்குள் மூன்று முறை கட்சி மாறினார். கட்சி தாவுவோர் அனைவரையும் குறிக்கும் கேலிப் பெயராக அவர் பெயரே வடநாட்டில் வழங்கலாயிற்று. ஜார்க்கண்டில் 2006இல் ஒரு சுயேச்சை உறுப்பினர், மது கோடா, முதலமைச்சராகவே ஆனார். நிலக்கரி ஒதுக்கீட்டு ஊழல் வழக்கில் 2017இல் தண்டனை பெற்றார். இவற்றை மறைத்துவிட்டுச் சுயேச்சைகளின் சிறப்பைப் பாடுவது பகுத்தறிவாளர்க்கு அழகன்று. ஆனால் ஒன்று கேட்போம். கயா லாலை வரவேற்று மாலை சூட்டிய கைகள் யாருடையவை? கோடாவை அரியணையில் அமர்த்தியவை எவை? பெரிய கட்சிகள் அல்லவா! விற்றவனுக்கு மட்டும் விலங்கு, வாங்கியவனுக்கு விருந்து என்பது எந்த ஊர் நீதி?

வேட்பாளர் பட்டியல் நீள்வதும் ஒரு குறையாகச் சொல்லப்படுகிறது. 1996இல் நம் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் நின்றனர். வாக்குச்சீட்டைப் புத்தகம்போல் அச்சிட வேண்டியதாயிற்று. தேர்தலும் தள்ளிப் போயிற்று. அதே ஆண்டு நல்கொண்டா நாடாளுமன்றத் தொகுதியில் 480 பேர். நகரத்தார் இதைக் கோமாளிக் கூத்து என்று நகைத்தனர். மொடக்குறிச்சியில் பெரும்பாலோர் தம் குறையைக் கேட்பாரில்லையே என்று வெகுண்ட உழவர்கள். நல்கொண்டாவில் நின்றவர்களோ, புளோரைடு கலந்த நீரைக் குடித்து எலும்பு வளைந்த மக்களின் சார்பில் நின்றவர்கள். வெல்வோம் என்று எண்ணி அவர்கள் மனுச் செய்யவில்லை. கோரிக்கை மனுக்கள் குப்பைக்கூடைக்குப் போன பிறகு, குப்பையில் எறிய முடியாத ஒரே மனு வேட்புமனு என்பதைக் கண்டுகொண்டார்கள், அவ்வளவே.

அதற்கு அரசு தந்த மறுமொழி என்ன? அதே 1996இல் நாடாளுமன்றத் தேர்தலுக்கான காப்புத்தொகை 500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்ந்தது. இன்று அது 25,000. அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளரை ஒருவர் முன்மொழிந்தால் போதும். மற்றவருக்குப் பத்துப் பேர் வேண்டும். வாசலைக் குறுக்கியாயிற்று. இப்போது அடைத்தே விடலாம் என்கிறது ஆணையம். "கட்சியாகப் பதிவு செய்துகொண்டு நிற்கலாமே" என்று சொல்லக்கூடும். அப்படிப் பதிவு செய்துவிட்டுத் தேர்தல் பக்கமே எட்டிப் பாராத 334 கட்சிகளைத் தேர்தல் ஆணையம் 2025இல் ஒரே நாளில் நீக்கிற்று. தனி மனிதரைத் தடுத்தால், காகிதக் கட்சிகள்தாம் பெருகும்.

சரி, சிறியோர் அவைக்குள் வந்து சாதிப்பது என்ன? இதற்கு வெளியூர் போக வேண்டாம். சென்னைச் சட்டமன்றத்தின் அடுத்தடுத்த இரு தேர்தல்களைப் பார்த்தால் போதும்.

1952. மொத்தம் 375 இடங்கள். காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. பெரும்பான்மை இல்லை. தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி 19 இடங்களையும் பொதுநல (காமன்வீல்) கட்சி 6 இடங்களையும் பெற்றிருந்தன, சுயேச்சைகள் ஏராளம். அத்தேர்தலில் கழகம் நிற்கவில்லை; தன் கொள்கைக்கு உறுதிமொழி தந்த வேட்பாளர்களுக்கே ஆதரவு தந்தது. அந்த ஆதரவோடு வென்றோர் சென்ற இடம் எது? ஆச்சாரியார் மேலவைக்கு நியமிக்கப்பட்டு முதலமைச்சரானார். பொதுநல கட்சியின் மாணிக்கவேலு நாயகர் அவர் அமைச்சரவையில் அமர்ந்தார். உழைப்பாளர் கட்சியின் இராமசாமி படையாட்சியார் 1954இல் காமராசரின் அமைச்சரவைக்குள் சென்றார். அமைச்சர் பதவி கிடைத்தது. கட்சிகள் காங்கிரசில் கரைந்தன. உறுதிமொழித் தாள் என்னவாயிற்று என்று கேட்பாரில்லை. தங்கள் மக்களுக்கு ஏதேனும் பெற்றுத் தர ஆட்சியில் பங்கு வேண்டும் என்று அவர்கள் கருதியிருக்கலாம். அதை ஒரேயடியாகப் பழிக்க எனக்கு மனமில்லை. ஆனால் தனியொரு குரலாக அவர்கள் பேச்சு அவையில் ஒலித்தது அத்தோடு நின்றது.

1957. இம்முறை கழகம் தானே நின்றது. பதினைந்து பேர் வென்றனர். அப்போது அங்கீகாரம் இல்லாததால் தேர்தல் ஆணைய ஏட்டில் அவர்கள் அனைவரும் சுயேச்சைகள்! ஆம், தோழர்களே, அறிஞர் அண்ணாவும் கலைஞரும் சட்டமன்றத்தில் முதன்முதல் நுழைந்தபோது அரசாங்கக் கணக்கில் சுயேச்சைகள்தாம். அங்கீகாரம் 1958இல்தான் வந்தது. பதினைவரால் ஒரு மந்திரிசபையையும் கவிழ்க்க முடியாது; காக்கவும் முடியாது. விலை பேச அவர்களிடம் எதுவும் இல்லை. இருந்தது வாய் ஒன்றே.

அந்த வாய் செய்ததைப் பாருங்கள். இம்மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிட வேண்டுமென உண்ணாநோன்பிருந்து சங்கரலிங்கனார் 1956இல் உயிர் நீத்தார். மறு ஆண்டே அக்கோரிக்கையைக் கழகத்தினர் சட்டமன்றத்தில் எழுப்பினர், தோற்றனர். மாநிலங்களவையில் அதே நோக்கத்தோடு மசோதா கொணர்ந்தவர் வங்கத்துப் பொதுவுடைமைத் தோழர் பூபேஷ் குப்தா. தமிழர் கேட்ட பெயருக்கு வங்காளியின் மசோதா! அதன்மீது 1963இல் அண்ணா ஆற்றிய உரை புகழ் பெற்றது, மசோதா தோற்றது. வாக்குக் கணக்கை மட்டும் பார்ப்போர் இவற்றைத் தோல்விப் பட்டியலில்தான் சேர்ப்பர். ஆனால் 1967 ஜூலை 18ஆம் நாள் அதே சட்டமன்றத்தில் பெயர் மாற்றத் தீர்மானம் வந்தபோது எதிர்க்க ஒருவரும் இல்லை. 1969 ஜனவரி 14 முதல் பெயர் நடைமுறைக்கு வந்தது. தோற்ற தீர்மானம் ஒவ்வொன்றும் அவைக்குறிப்பில் ஏறியது. வெளியே மேடை மேடையாகப் பேசப்பட்டது. மறுத்தவர்களே மறுக்க நாணும் நிலை வந்தது. சிறுகட்சியின் வேலை இதுவே. பெரும்பான்மைக்கு முட்டுக்கொடுப்பது அதன் வேலையன்று. பெரும்பான்மை பேச மறுப்பதைப் பேசிப் பேசிப் பேசவைப்பதுதான்.

இவ்வளவு சொன்னபின் நம் வீட்டுக் குறையைச் சொல்லாமல் விட்டால் என் மாணவர் முன் நிற்க எனக்கு முகமிராது.

1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, ஓர் உறுப்பினர் எந்தக் கட்சியின் வேட்பாளராக நிறுத்தப்பட்டாரோ அக்கட்சியைச் சேர்ந்தவராகவே கருதப்படுவார்; அக்கட்சியின் கொறடா ஆணையை மீறி வாக்களித்தால் பதவி போகும். தாவலைத் தடுக்க வந்த சட்டம், நல்லது. ஆனால் இங்கே கூட்டணியில் சேரும் சிறிய கட்சிகள் பெரிய கட்சியின் சின்னத்தில் நிற்கும் வழக்கத்தோடு இச்சட்டத்தை இணைத்துப் பாருங்கள். 2019இல் தி.மு.க.வின் கணக்கில் மக்களவைக்குச் சென்ற 24 பேரில் நால்வர் வேறு கட்சியினர். விடுதலைச் சிறுத்தைகள் கட்சிக்குக் கிடைத்த இரு தொகுதிகளில் சிதம்பரத்தில் திருமாவளவன் பானைச் சின்னத்தில் நின்றார். விழுப்புரத்தில் ரவிக்குமார் உதயசூரியனில் நின்றார். உதயசூரியன் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் வென்றது. பானை வென்றதோ 3,219 வாக்கில்.

இந்த இரு எண்களை முன்னே வைத்துக்கொண்டு, "அறிந்த சின்னம் பாதுகாப்பு" என்று சொல்பவரை அறிவிலி என்று தள்ள என்னால் இயலாது. தோற்றுவிட்டால் குரலே இல்லையே! எனினும், இரவல் சின்னத்தில் வென்றவர் நாளை ஒரு மசோதாவில் தம் கட்சி ஒன்று சொல்ல, சின்னம் தந்த கட்சி வேறொன்று சொன்னால் எதற்குக் கட்டுப்படுவார்? சட்டம் அவருக்கு விட்டுவைத்த வழி ஒன்றே. சட்ட ஆணையம் சொன்னதை எதிர்த்து உரக்கக் கூவும் நாம், அது கேட்டதில் பாதியைத் தொகுதிப் பங்கீட்டு மேசையில் நாமே கொடுத்து விடுகிறோம். 2024இல் அதே இரு தொகுதிகளிலும் பானையே நின்றது, இரண்டிலும் வென்றது, அக்கட்சிக்கு மாநிலக் கட்சி என்ற அங்கீகாரமும் அதன்பின் வந்தது. ஆக, முடியாத காரியமன்று. பெரிய கட்சி இடம் மட்டும் தந்து, சின்னத்தைத் திணிக்காதிருக்கும் பெருந்தன்மை வேண்டும். சிறிய கட்சிக்குச் சுவரெழுதவும் வீடு வீடாகச் செல்லவும் ஆள் வேண்டும். முன்னதைக் கேட்டுப் பெறவேண்டியவர்கள் நம் இளைஞர்களே. பெரிய கட்சிக்குள் இருக்கும் இளைஞர்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

மறுநாள் வகுப்பில் அம்மாணவனுக்கு 1957இன் கதையைச் சொன்னேன், மகிழ்ந்தான். 2019இன் கதையையும் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "அப்படியானால் விழுப்புரத்துக்காரர்கள் ஓட்டுப் போட்டது எந்தக் கட்சிக்கு, ஐயா?" என்றான். சட்டப்படி ஒரு விடை உண்டு. அதைக் கரும்பலகையில் எழுதினேன். அவன் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளவில்லை.