எழுத்து முகாமில் எழுத முடியுமா?

சனி, ஞாயிறு இரண்டு நாள் ஏற்காட்டிலோ கொடைக்கானலிலோ ஒரு வீடெடுத்து, எழுதுகிற நண்பர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து தங்கி எழுதினால் என்ன? இந்த யோசனை எழும்போதெல்லாம் கூடவே ஒரு சான்றும் வந்துவிடுகிறது: 1816 ஜூன், ஜெனீவா ஏரிக்கரை, வில்லா டியோடட்டி.

கதை பலருக்கும் தெரியும். முந்தைய ஆண்டு ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அது வானில் கக்கிய துகள்கள் சூரிய ஒளியை மறைத்ததால் 1816இல் ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. அந்த வீட்டில் தங்கியிருந்த கவிஞர் பைரனும் அவருடைய மருத்துவர் பொலிடோரியும், பக்கத்தில் தங்கியிருந்த கவிஞர் ஷெல்லி, அவருடைய துணைவி மேரி, மேரியின் சகோதரி முறையான கிளேர் மூவரும் விடாத மழையில் வீட்டுக்குள் அடைபட்டார்கள். பேய்க்கதைகளைப் படித்துப் பொழுதைப் போக்கினார்கள். ஆளுக்கொரு கதை எழுதுவோம் என்றார் பைரன். மேரியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவல் பிறந்தது. எழுத்தாளர்கள் கூடித் தங்கினால் படைப்பு பிறக்கும் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும் என்கிறார்கள்.

இந்தச் சான்று நிற்காது. பைரன் சில பக்கங்களோடு நிறுத்திக்கொண்டார். ஷெல்லி தொடங்கியதைத் தொடரவில்லை. பொலிடோரியின் ‘தி வாம்பயர்’ பைரன் கைவிட்ட துண்டிலிருந்து எழுந்தது; 1819இல் அச்சேறியபோது பைரனின் பெயரில்தான் வந்தது. காலத்தில் நிலைத்த நாவலோடு தேறியவர் மேரி மட்டுமே. அவரும் ஏரிக்கரையில் முடிக்கவில்லை. முதலில் அவர் நினைத்தது ஒரு சிறுகதை. அது நாவலாக வளர்ந்து முடிந்தது இங்கிலாந்து திரும்பிய பிறகு, பாத், மார்லோ நகரங்களில். 1817 மே வரை அந்த வேலை நீண்டது. 1818 ஜனவரியில் ஆசிரியர் பெயரே இல்லாமல் புத்தகம் வந்தது.

சாட்சியங்களிலும் ஒரு முரண் இருக்கிறது. தினமும் காலையில் கதை கிடைத்ததா என்று கேட்பார்கள், இல்லை என்று சொல்லவே அவமானமாக இருக்கும் என்று 1831 பதிப்பின் முன்னுரையில் மேரி எழுதுகிறார். பொலிடோரியின் நாட்குறிப்போ, ஜூன் 17 அன்றே தன்னைத் தவிர எல்லோரும் எழுதத் தொடங்கிவிட்டதாகச் சொல்கிறது. 15 ஆண்டுகள் கழித்து எழுதிய நினைவைவிட அன்றன்று எழுதிய குறிப்புக்கே நான் எடை கொடுப்பேன். ஆனாலும் மேரியின் நினைவில் எது தங்கியது என்பதைத் தள்ளிவிட முடியாது. அவருக்கு நினைவிருந்தது நாளை கேட்பார்களே என்ற நெருக்கடி. அந்தக் கூட்டம் கேட்க ஆள் தந்தது. எழுதும் மாதங்களை அவரேதான் தேடிக்கொண்டார்.

எழுத்துக்கு இடம் தருவது எப்படி என்று தெரிந்துவைத்திருக்கும் அமைப்பு, அமெரிக்காவின் பீட்டர்பரோவில் 1907இல் தொடங்கிய மெக்டவல். காட்டுக்குள் தள்ளித் தள்ளிக் குடில்கள். மதியச் சாப்பாட்டைக் கூடையில் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடுவார்கள். அழைக்காமல் இன்னொருவர் குடிலுக்குப் போகக் கூடாது. எல்லோரும் கூடுவது பெரும்பாலும் இரவு உணவுக்குத்தான். பகல் முழுக்கத் தனிமை, இரவில் பேச்சு என்ற அந்த வரிசையை முக்கியமானதாக நினைக்கிறேன். அங்கே தங்குவதும் வாரக்கணக்கில்.

நம் மரபு வேறு. குற்றாலத்தில் கவிஞர் கலாப்ரியா நடத்திய கவிதைப் பட்டறைகளும், ஊட்டி ஃபெர்ன்ஹில் நாராயண குருகுலத்தில் எழுத்தாளர் ஜெயமோகன் நடத்திய சந்திப்புகளும் வாசிப்பதற்காகவும் வாதிடுவதற்காகவும் கூடியவை. அவற்றின் பயனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அதே பழக்கத்தோடு எழுதவும் கிளம்பிவிடுகிறோம். இரவு இரண்டு மணிவரை பேச்சு. காலையில் தாமதமாக எழுந்து, டீ குடித்து, மறுபடியும் பேச்சு. பயணம், தூக்கம், சாப்பாடு, ஒரு நடை எல்லாம் போக இரண்டு நாளில் மிஞ்சுவது பத்துப் பன்னிரண்டு மணி நேரம். புதிய நாவலுக்குள் நுழைய இது போதாது.

ஆனால் எழுதியதைத் திருத்த இது தாராளம். கையெழுத்துப் படியை நான்கு பேர் முன்னால் உரக்கப் படிக்கும்போது வீட்டில் நடக்காத ஒன்று நடக்கும். படிக்கிறவர் தன்னையறியாமல் ஒரு வாக்கியத்தை விழுங்கிவிட்டு அடுத்ததற்குத் தாவுவார். இன்னொரு பத்தியில் குரல் வேகமெடுக்கும். யாரும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. எங்கே பென்சில் கோடு போட வேண்டும் என்று அவருக்கே தெரிந்துவிடும். கேட்பவர்கள் சொல்லும் அபிப்பிராயம்கூட இதற்கு அடுத்தபடிதான். முகாமின் உண்மையான ஆதாயம் இது.

இதில் பலரும் பேசாமல் கடந்துபோகும் விஷயம் சமையல். இங்கிலாந்தில் 1968இல் தொடங்கிய ஆர்வான் எழுத்து முகாம்களில் பங்கேற்பவர்களே முறைவைத்துச் சமைக்கிறார்கள். நம்மில் ஆறு பேர் போய் அதில் இரண்டு பேர் பெண்களானால், முறை என்று ஒன்று எழுதி ஒட்டாவிட்டால் அடுப்பு யாரிடம் போய்ச் சேரும் என்று சொல்ல வேண்டியதில்லை. வார இறுதி என்பது பல பெண்களுக்கு வேலை கூடும் நாள். அவர்களுக்கு முகாமின் முதல் பயன் சக எழுத்தாளர்கூட அல்ல. வேறு யாரோ சமைத்த சாப்பாடும், தாழிட ஒரு கதவும்தான். அமெரிக்க எழுத்தாளர் மாயா ஏஞ்சலோ தன் ஊரிலேயே ஒரு ஹோட்டல் அறையை வாடகைக்கு எடுத்து, சுவரில் இருந்த படங்களையெல்லாம் கழற்றச் சொல்லிவிட்டுத் தனியாக எழுதினார். அந்த அறை கிடைக்காதவர்களுக்கு, ஒழுங்காக நடத்தும் முகாம் பெரிய உதவி. ஒழுங்கில்லாத முகாம், வீட்டு வேலையை மலைமேல் கொண்டுபோய்ச் செய்யவைக்கும்.

ஆகவே என் தீர்ப்பு இது. முதல் வரி இன்னும் தோன்றாதவர்கள் அந்தப் பணத்துக்குப் புத்தகம் வாங்கிக்கொண்டு வீட்டிலேயே இருக்கலாம். முப்பது பக்கமாவது எழுதிவைத்து, அது ஏன் நிற்கவில்லை என்று புரியாமல் தவிப்பவர்கள் கட்டாயம் போக வேண்டும். போவதற்கு முன் இரண்டு விதிகளை எல்லோரும் ஒப்புக்கொள்ளட்டும்: காலை ஆறு முதல் மதியம் ஒன்றுவரை யாரும் யாரிடமும் பேசக் கூடாது; சமையலுக்கு ஆள் வைக்க வேண்டும், முடியாவிட்டால் ஆண்களின் பெயரை முதலில் எழுதி முறைவைக்க வேண்டும். இதற்குச் சம்மதிக்காத நண்பர்களோடு தாராளமாகச் சுற்றுலா போங்கள். கையெழுத்துப் படியை எடுத்துப் போகாதீர்கள்.