ஒரே கேள்விக்கு இரண்டு விடைகள்

பத்துப் பேர் அமரும் பெஞ்சு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பதினோராவது ஆளுக்கு இடமில்லை. ஆனால் அமர்ந்திருப்பவரை எழுப்பிவிட்டு வேறொருவரை அமர்த்தலாம். இந்தப் பெஞ்சு மாற்றக்கூடியதா, கூடாததா? சி-ஷார்ப் கணினி மொழியின் நூலகத்தில் இக்கேள்விக்கு இரண்டு விடைகள் உள்ளன.

பெஞ்சு என்று நாம் சொன்னது அங்கே 'அணி'. இடைமுகம் என்பது ஓர் ஒப்பந்தம். அதை ஏற்கும் வகுப்பு, அதில் சொல்லப்பட்ட பண்புகளையும் செயல்களையும் தந்தே தீரவேண்டும். 2002இல் வெளியான பட்டியல் இடைமுகத்தில் 'படிக்க மட்டுமா?', 'அளவு நிலையானதா?' என இரண்டு பண்புகள் இருந்தன. அணியைக் கேட்டால் முதலாவதற்கு 'இல்லை', இரண்டாவதற்கு 'ஆம்' என்னும். இரண்டும் உண்மை.

ஆனால் அந்தப் பட்டியலில் எண்ணையும் பெயரையும் கலந்து போட்டாலும் கேட்பாரில்லை. இக்குறையைப் போக்க 2005இல் பொதுமை இடைமுகம் வந்தது. பொருளின் இனத்துக்கு ஒரு வெற்றிடம் விட்டு, பயன்படுத்தும்போது 'எண்' என்றோ 'பெயர்' என்றோ நிரப்பிக்கொள்ளும் முறை இது. தவறான இனத்தை நிரல்பெயர்ப்பியே பிடித்துவிடும். பெரிய முன்னேற்றம்தான், மறுக்கவில்லை.

இந்த மாற்றத்தில் 'அளவு நிலையானதா?' என்ற பண்பைக் கைவிட்டுவிட்டார்கள். மிஞ்சிய ஒரே பண்பின் தலையில் இரண்டு பொருளும் ஏறின. அதே அணியைப் புதிய இடைமுகத்தின் வழியே 'படிக்க மட்டுமா?' என்று கேட்டால் 'ஆம்' என்கிறது! அடுத்த வரியிலேயே அதன் முதல் இடத்தில் 5 என்று எழுதுங்கள், முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்கிறது. புதிதாக ஒன்றைச் சேர்க்கப் போனால்தான் நிரல் ஓடும்போது பிழை எழும்புகிறது. ஐயமுள்ள மாணவர் மூன்று வரி எழுதிப் பார்க்கலாம்.

நிரல்பெயர்ப்பிக்குப் பண்பு இருக்கிறதா, அதன் இனம் சரியா என்பது தெரியும். விடை மெய்யா என்பது தெரியாது. இந்த விடையை நம்பி வரிசைப்படுத்தும் செயலை ஒருவர் எழுதினால், அது வரிசைப்படுத்தக்கூடிய அணியையும் திருப்பி அனுப்பிவிடும். மைக்ரோசாஃப்ட்டின் கையேடு இம்முரண்பாட்டை ஒளிக்காமல் எழுதியிருக்கிறது. நல்லதுதான், ஆனால் கையேட்டின் அந்த மூலையைப் படித்துவிட்டு நிரல் எழுதுவோர் எத்தனை பேர்?

2012இல் படிப்பதற்கு மட்டுமான தனி இடைமுகம் வந்தது. எழுதும் வழியே அதில் இல்லை. ஆகவே கேட்கவும் வேண்டியதில்லை. தொடக்கத்திலேயே செய்திருக்கவேண்டிய பிரிவினை இது. ஆனால் எழுதலாம், நீட்டக்கூடாது என்னும் நம் பெஞ்சுக்கு அப்போதும் தனி இடைமுகம் வரவில்லை.