செஞ்சிக் கோட்டை: ஏடு சொல்வதும் கல் சொல்வதும்

செஞ்சியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இரண்டு புத்தகங்களைத் தாண்டிப் போக முடியாது. ஒன்று, சி.எஸ். சீனிவாசாச்சாரி எழுதிய செஞ்சி வரலாறு. 1943-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. மற்றது, ழான் தெலோஷ் எழுதி 2005-இல் புதுச்சேரியிலிருந்து வந்த நூல். இரண்டுமே ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை.

சீனிவாசாச்சாரிக்கு ஆதாரம் ஏடுகள். யார் எப்போ பிடிச்சாங்க, யார்கிட்ட பறிகொடுத்தாங்க எல்லாம் அதில் கிடைச்சிடும். 1677-இல் சிவாஜி, 1698-இல் முகலாயர், 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர். ஆனா அந்தப் பட்டியலோடு ராஜகிரி அடிவாரத்துல போய் நின்னா, எதிரே இருக்கிற சுவர் யாருடையதுன்னு சொல்லிட முடியாது.

தெலோஷ் சுவரையே ஏடாகப் படிக்கிறார். கல்லை அடுக்கிய விதம், கொத்தளத்தின் வடிவம், பீரங்கிக்கு ஏற்ப செய்த மாற்றம், குளங்களும் நீர் வரத்தும் என்று வரைபடங்களோடு போகிறார். செஞ்சி ஒரே ராஜா கட்டிய கோட்டை இல்லை, ஒன்றின் மேல் ஒன்றாக வளர்ந்தது என்பது அதிலிருந்துதான் தெளிவாகிறது.

இந்த முறைக்கும் ஓர் எல்லை உண்டு. எது முன், எது பின் என்று கல் சொல்லும், ஆண்டு சொல்லாது. ஆண்டுக்கு மறுபடி ஏட்டிடம்தான் போகணும். அரசன் மாறிய அன்றைக்கே கல்தச்சனின் கை மாறிடுமா என்ன? ஆட்சிப் பெயரை வைத்துச் சுவரைப் பிரிக்கும்போது இந்தக் கேள்வி நிற்கத்தான் செய்கிறது.

இது வெறும் ஆய்வாளர் சண்டை இல்லை. 2025-இல் யுனெஸ்கோ, மராட்டிய ராணுவ நிலப்பரப்பு என்ற பெயரில் 12 கோட்டைகளைச் சேர்த்தது. அதில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி மட்டும்தான். பெயர் பொய் இல்லை. சிவாஜி அரண்களைப் பலப்படுத்தியதை அக்காலப் பாதிரியார் கடிதமே சொல்கிறது. ராஜாராம் இங்கிருந்துதான் 8 ஆண்டு முற்றுகையைத் தாங்கினார். ஆனாலும் மராட்டியர் கையில் இருந்தது 21 ஆண்டுதான். நாயக்கர் கால வேங்கடரமணர் கோயிலையும், பின்னால் வந்த சாதத்துல்லா கான் மசூதியையும் அந்தப் பெயருக்குள் எங்கே வைப்பது?

அறிவிப்புப் பலகையில் எந்தக் காலம் எழுதப்படுதோ, பராமரிப்புப் பணமும் பார்வையாளர் கண்ணும் அந்தப் பக்கமே போகும். அதனால் ஒவ்வொரு சுவருக்கும் ராஜா பெயரைவிட, கட்டுமானக் கட்டத்தைக் குறிப்பதே நேர்மை. தெலோஷின் வரைபடங்களைத் தமிழ் விளக்கத்தோடு வாசலில் வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.