ஆலைச் சத்தமும் எம்.ஐ.ஏ.வின் 'மாயா'வும்

வழக்கமாக நடுகல், ஏரி மதகு என்று எழுதுகிற இடத்தில் இன்று ஒரு இசை ஆல்பம். லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1986-ல் அகதியாகத் திரும்பவும் லண்டன் போன மாதங்கி அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ., 2010 ஜூலையில் வெளியிட்ட 'மாயா'. அவரைப் பற்றி நம்ம ஆட்கள் நிறையப் பேசியாச்சு: ஈழம், அப்பா அருளர், ரகுமானோடு ஆஸ்கர் பரிந்துரை. பாட்டு எப்படி இருக்கு என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

வந்த புதிதில் 'மாயா'வுக்கு நல்ல அடி. பிட்ச்ஃபோர்க் பத்துக்கு 4.4 போட்டது. புகாரைச் சுருக்கினால் "ஒரே இரைச்சல்". நானும் முதல் தடவை பாதியில் நிறுத்தியவன்தான். திரும்பக் கேட்க வைத்தது இரண்டாவது பாட்டான 'ஸ்டெப்பின் அப்'. அதில் டிரில்லிங் மெஷின் மாதிரி, ரம்பம் மாதிரி சத்தங்கள்தான் தாளம். கேட்டதும் ஊர் ஞாபகம் வந்தது.

எங்கள் ஊர் மூங்கில்துறைப்பட்டு. ஒரு பக்கம் தென்பெண்ணை, இன்னொரு பக்கம் கூட்டுறவு சர்க்கரை ஆலை. அரவை நடக்கிற மாதங்களில் ராத்திரி பகல் அந்தச் சத்தம் இருந்துகொண்டே இருக்கும். வெளியூர்க்காரர்களுக்கு அது ஒரே உறுமல். கொஞ்ச நாள் கேட்டால் உள்ளே பல வேகங்கள் இருப்பது தெரியும். டர்பைன் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும். கரும்பை நறுக்கும் கத்திகள் சில நூறு சுற்று. சாறு பிழியும் பெரிய உருளைகள் நிமிஷத்துக்கு நாலைந்து சுற்றுதான். நடுவில் ஸ்டீம் விடுகிற சத்தம், ஷிஃப்டுக்குச் சங்கு. டெக்னோவின் கட்டுமானமும் கிட்டத்தட்ட இதுதான். கீழே ஒரு மெதுவான அசைவு, நடுவில் விடாத அடி, மேலே சீறல்.

டெக்னோ 1980-களில் கார் தொழிற்சாலை நகரமான டெட்ராய்ட்டில் பிறந்தது சும்மா இல்லை. அதற்கும் முன்னால் லண்டனில் த்ராபிங் கிரிஸல் குழு 1976-ல் தங்கள் கம்பெனிக்கு 'இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ்' என்று பெயர் வைத்தது. அந்த வகை இசைக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மேற்கு பெர்லினில் ஐன்ஸ்டூர்ட்ஸெண்டே நொய்பாட்டன் டிரில்லையும் பழைய இரும்பையும் மேடைக்கே கொண்டு வந்தார்கள். பெரும்பாலும் அவர்களுக்கு இயந்திரச் சத்தம் என்றால் அச்சம், அருவருப்பு. எங்கள் ஊரில் தலைகீழ். சத்தம் இருந்தால் கரும்பு வண்டி ஓடுகிறது, டீக்கடையில் கூட்டம் இருக்கிறது என்று அர்த்தம். ஆலை நின்று ஊர் அமைதியானால்தான் வயிற்றில் புளி கரைக்கும். அதனால் இந்த வகை இசையில் விமர்சகர்கள் 'இருண்மை' என்று எழுதுகிற இடங்களில் எனக்குத் தெம்பு வரும். என் காதின் கோளாறு, சொல்லி வைத்துவிடுகிறேன்.

'மாயா' மீது இன்னொரு புகார்: 2007-ல் வந்த 'கலா'வில் இருந்த தமிழ் இதில் தொலைந்துவிட்டது என்பது. 'கலா'வுக்காக அவர் சென்னை வந்து உறுமிக்காரர்களை வைத்துப் பதிவு செய்தார். 'பாய்ஸ்', 'பேர்ட் ஃப்ளூ' இரண்டிலும் அந்த மேளம்தான் முதுகெலும்பு. 'பாம்பூ பங்கா'வில் 'தளபதி'யின் காட்டுக்குயிலு வரும். (மூங்கில் ஊர்க்காரனுக்கு அந்தத் தலைப்பே போதும்.) 'மாயா'வில் இப்படி விரல் நீட்டிக் காட்ட ஒன்றும் இல்லை, உண்மை. ஆனால் உறுமி எப்படிப் பேசுகிறது? ஒரு முகத்தை அடிப்பார்கள், இன்னொரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். தோல் குச்சியைப் பிடிக்கும், விடும், பிடிக்கும், விடும். அந்த இழுபறிதான் உறுமல். 'ஸ்டெப்பின் அப்' டிரில் சத்தமும் உரசிப் பிறக்கிற உறுமல்தான். வாத்தியம் மாறியிருக்கிறது, காது அதே காது.

இனி முக்கியமான விஷயம். இந்த ஆல்பம் எதைப் பற்றியது? டிரில், ரம்பம் எல்லாம் கேட்டு ஏதோ தொழிற்சாலை பற்றியது என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். முதல் பாட்டு 'தி மெசேஜ்' ஒரு நிமிஷம்கூட இல்லை. கையில் இருக்கிற போன் இண்டர்நெட்டோடு, இண்டர்நெட் கூகுளோடு, கூகுள் அரசாங்கத்தோடு என்று சங்கிலி போட்டுக் காட்டுகிறது. 2010-ல் இதைப் பைத்தியக்காரப் பேச்சு என்று சிரித்தார்கள். 2013 ஜூனில் ஸ்னோடென் ஆவணங்கள் வந்த பிறகு சிரிப்பு குறைந்தது. ஆக இவர் பயப்படுகிற இயந்திரம் சத்தமே போடாதது. ஆலைச் சங்கு ஊருக்கே கேட்கும். நம்மைக் கவனிக்கிற சர்வர் எங்கோ ஏசி அறையில் ஃபேன் சத்தத்தோடு இருக்கும். (நான் பிழைப்பதும் அப்படிப்பட்ட சர்வர்களால்தான்.) சத்தம் போடாத அந்த இயந்திரத்துக்குப் பழைய ஆலையின் சத்தத்தை மாட்டிவிடுகிறார். கேட்காத ஒன்றைக் கேட்க வைக்க வேறு வழி என்ன?

அட்டைப் படத்தைப் பாருங்கள். யூடியூப் பிளேயரின் பட்டைகள் அடுக்கடுக்காக முகத்தை மூடியிருக்கின்றன, கண்கள் மட்டும் தெரிகின்றன. பலர் இதை 'இணைய அழகியல்' என்று கடந்து போனார்கள். எனக்கு 2009 ஞாபகம் வருகிறது. மே மாதம் போர் முடிந்தது. ஆகஸ்டில் சேனல் 4 அந்தக் கொலைக் காட்சிகளின் செல்போன் வீடியோவை ஒளிபரப்பியது. தூரத்தில் இருந்த தமிழர்கள் பலர் அந்தப் போரின் கடைசியைப் பார்த்தது இந்தப் பட்டைகளுக்கு மேலேதான்: பஃபர் ஆகிற வட்டம், கீழே ஓடும் கோடு, கீழே கமெண்ட்டில் "இது போலி" என்று நாலு பேர். இதற்கு ஓர் ஆண்டுக்குள் வந்த ஆல்பத்தில் ஒப்பாரி இல்லை என்று குறைப்படுபவர்கள் அட்டையை இன்னொரு முறை பார்க்கலாம்.

'பார்ன் ஃப்ரீ' இங்கேதான் பொருந்துகிறது. நியூயார்க் இருவர் குழுவான சூசைடின் 1977 பாட்டு 'கோஸ்ட் ரைடர்' துண்டு மேல் கட்டியது. ரோமன் கவ்ராஸ் எடுத்த வீடியோவில் செம்பட்டை முடி உள்ள இளைஞர்களை மட்டும் படையினர் பிடித்து வண்டியில் ஏற்றி வெட்டவெளிக்குக் கொண்டுபோய்க் கொல்வார்கள். ஆளை மாற்றிப் போட்டிருக்கிறார், காட்சி நமக்குத் தெரிந்த காட்சிதான். வெளியான உடனே யூடியூபில் கட்டுப்பாட்டுக்குள்ளானது. ஆனால் பாட்டாகப் பார்த்தால் முக்கால் பலம் சூசைடுடையது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

உண்மையில் சறுக்குகிற இடங்கள் வேறு. 'டெக்கில்லா' ஆறு நிமிஷத்துக்கு மேல் மதுப் பெயர்களை அடுக்குகிறது, பாதி போதும். 'மெட்ஸ் அண்ட் ஃபெட்ஸ்' ஸ்லீ பெல்ஸ் குழுவின் டெரக் மில்லர் செய்தது. சிக்னலைத் தாங்கும் அளவுக்கு மேல் ஏற்றினால் அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும், அந்தக் கரகரப்புதான் அதில் முழுக்க. எல்லாமே உச்சத்தில் இருந்தால் உச்சம் எங்கே? ஆலையில்கூட உருளை மெதுவாகத்தான் சுற்றும் என்றேனே, அந்த மெதுவான அடுக்கு இதில் இல்லை.

'லவ்அலாட்' நேரெதிர். 2010 மார்ச்சில் மாஸ்கோ மெட்ரோவில் தற்கொலைக் குண்டாகப் போன இளம்பெண்ணை நினைத்து எழுதியது. சத்தம் கம்மி, தாளம் பதற்றமாகத் தட்டிக்கொண்டே இருக்கிறது, குரல் விளையாட்டுப் பிள்ளை மாதிரி. அவளை நியாயப்படுத்தவும் இல்லை, திட்டவும் இல்லை. ஆல்பத்தில் என்னைத் தூங்கவிடாத பாட்டு இதுதான்.

பன்னிரண்டில் எனக்கு ஏழு தேறுகிறது. 4.4-க்கு மேல்தான். கேட்பதென்றால் 'ஸ்டெப்பின் அப்', அடுத்து 'லவ்அலாட்'. போன் ஸ்பீக்கரில் வேண்டாம். அடிச் சத்தம் மொத்தமும் போய், டிரில் மட்டும் மிஞ்சும்.