ஆறிய பிறகு எடுத்த படம்

தாம்பரத்திலிருந்து பீச் போற ரயில்ல ஒரு ஆய்வேடு படிச்சேன். இந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் செய்த சிலிக்கான் நானோகம்பி வேலை. கம்பி எப்படி வளர்ந்தது என்பதற்கு அதில் இருக்கும் ஆதாரம் ஒரே ஒரு படம், அதுவும் உலை ஆறிய பிறகு எடுத்தது. கம்பி நுனியில் தங்கத் தொப்பி தெரியுது.

1964-ல் வாக்னரும் எல்லிஸும் இப்படி ஒரு தொப்பியைப் பார்த்துத்தான் சரியாக ஊகித்தார்கள். தங்கமும் சிலிக்கானும் தனியா உருக ஆயிரம் டிகிரி தாண்டணும்; சேர்ந்தா 363 போதும். வாயுவில் வரும் சிலிக்கான் அந்தத் துளியில் கரைந்து, தாங்காத அளவு ஆனதும் அடியில் படிகமாகப் படியும். துளி மேலே ஏறிக்கொண்டே போகும்.

ஆய்வேடு அங்கேயே நின்னுடுது. "கம்பியின் பருமனைத் துளியே தீர்மானிக்கிறது"ன்னு ஒரு வரி, அவ்வளவுதான். 2001-ல் வூவும் யாங்கும் ஜெர்மானியக் கம்பி வளர்வதை எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள்ளேயே பார்த்தார்கள். 2006-ல் ஹானன், ராஸ் குழு காட்டியது இன்னும் சங்கடமானது: வளரும்போதே தங்கம் சின்னத் துளியிலிருந்து பெரிய துளிக்கு நகருது. கம்பி மெலியுது, துளி தீர்ந்தா வளர்ச்சியும் நிக்குது. (அது மிகச் சுத்தமான வெற்றிடத்தில் செய்தது. நம்ம குழாய் உலையில் அப்படியே நடக்கும்னு நானும் சொல்ல மாட்டேன்.)

நுண்ணோக்கிக்குள் அடுப்பு வைக்க நம்ம லேப்ல வசதி கிடையாது, தெரியும். ஆனா ஐந்து, பத்து, இருபது நிமிஷத்தில் நிறுத்தின மூணு மாதிரியாவது போட்டிருக்கலாமே?