இல்லாத கை வலிக்கும்

போடிநாயக்கனூரில் விடியற்காலை ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆட்களை அடைத்துக்கொண்டு போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும். அதில் ஒன்று கவிழ்ந்து ஓர் அம்மாளுக்கு இடது கை போய்விட்டது என்று பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். காயம் ஆறி வீட்டுக்கு வந்தாயிற்று. ராத்திரி எழுந்து உட்கார்ந்து, 'போன கை வலிக்குது. வெரலு இறுகி, நகம் உள்ளங்கையில குத்துது' என்கிறாள். 'கையே இல்ல, பெறகு எப்புடி வலிக்கும்?' என்கிறார் மாமியார். கோடாங்கியைக் கூப்பிடலாமா என்று யோசனை.

கோடாங்கி வேண்டாம். வி.எஸ்.ராமச்சந்திரனைப் படியுங்கள். சென்னை ஸ்டான்லியில் டாக்டருக்குப் படித்து, கலிஃபோர்னியாவில் மூளையை ஆராய்ந்தவர். சாண்ட்ரா பிளேக்ஸ்லீயுடன் 1998-ல் எழுதிய 'ஃபான்டம்ஸ் இன் த பிரெய்ன்' இந்த மாயக் கைகளைப் பற்றியும் பேசுகிறது. கை போனாலும் மூளையில் அதன் வரைபடம் போவதில்லை. மூளை 'மடக்கு' என்கிறது, மடக்கியாச்சு என்று பதில் வருவதில்லை, இன்னும் இறுக்குகிறது. இது அவர் ஊகம். மருந்து? ஒரு கண்ணாடி. இருக்கும் கையை அதன் முன் நீட்டினால் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும். விரலை விரித்தால் இரண்டும் விரிகின்றன. மூளை ஏமாறுகிறது, வலி தளர்கிறது. புத்தகத்தில் ஒருவர் கண்ணாடியை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பயிற்சி செய்ய, மூன்றே வாரத்தில் மாயக் கை மறைந்து விரல்கள் மட்டும் தோளில் தொங்குகின்றன. முழங்கை வலி போயே போச்சு!

துப்பறியும் கதை மாதிரி ஓடுகிறது. என் புகாரும் அதுதான். கதையில் மர்மம் அவிழ்ந்தால் முடிந்தது. வைத்தியம் அங்கேதான் ஆரம்பம். எத்தனை பேருக்குப் பலிக்கும்? யார் சொல்லித்தருவது? சுவாரஸ்யமான தனி மனிதர்களைக் காட்டுகிற புத்தகம், இந்தக் கேள்விகளிடம் அதிக நேரம் நிற்பதில்லை.

2007-ல் வாஷிங்டன் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனைக்காரர்கள், கால் இழந்த 22 பேரை மூன்று கோஷ்டியாகப் பிரித்துச் சோதித்தார்கள். 18 பேர் முடித்தார்கள். தினம் கால் மணி நேரம், நான்கு வாரம். நிஜக் கண்ணாடி பார்த்த ஆறு பேருக்கும் வலி குறைந்தது. ஆறே பேர். எல்லோருக்கும் பலிப்பதில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் முயன்று பார்க்க ஆகும் செலவு போடி பஜாரில் ஒரு கண்ணாடி விலை.

நாமோ எலான் மஸ்க்கை அண்ணாந்து பார்க்கிறோம். 2024 ஜனவரியில் நியூராலிங்க் முதல் மனிதரின் மூளையில் சில்லு வைத்தது. சில வாரங்களில் அதன் நுண்ணிழைகள் சில பின்வாங்கிவிட்டன. மென்பொருளை மாற்றிச் சமாளித்தார்கள். கிண்டல் செய்யவில்லை. கழுத்துக்குக் கீழே அசையாதவர் நினைத்தே கம்ப்யூட்டரில் செஸ் ஆடுவது மகத்தான விஷயம். ஆனால் அந்தச் சில்லு போடிமெட்டு ஏற நாளாகும். கண்ணாடி ஏறுவதற்கு எதுவும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தையல் பிரிக்கிற அன்று, 'போன கை வலிக்குதாம்மா?' என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். பதில் சொன்னால் நம்பவும் வேண்டும்.

புத்தகத்தை அவசியம் படியுங்கள். படித்துவிட்டு, உங்களுக்குத் தெரிந்த யாராவது இல்லாத கை வலிக்கிறது என்றால் சிரிக்காமல் டாக்டரிடம் அழைத்துப்போங்கள். கை இல்லை. வலி இருக்கிறது.