குப்பத்தில் கச்சேரி

சங்கீத விழா என்றால் நமக்கு முதலில் ஞாபகத்துக்கு வருவது பாடகர். அடுத்தபடி சபா காண்டீன். பந்தல் போட்டவர், ஜமக்காளம் விரித்தவர், ஒலிபெருக்கிக்குக் கம்பி இழுத்தவர் எவரும் ஞாபகத்துக்கு வருவதில்லை. விமர்சகர்களும் நம்மைப் போலத்தான். தோடி எப்படி, தனி ஆவர்த்தனம் எப்படி என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். 2015-ல் சென்னையில் ஆரம்பமான ஊரூர் ஆல்காட் குப்பம் விழாவை இந்தப் பழக்கத்தோடு பார்த்தால் ஒன்றும் அகப்படாது. அங்கே விசேஷம் கச்சேரியில் அல்ல. கச்சேரிக்கு முன்னால் நடந்த காரியங்களில் இருக்கிறது.

ஊரூர் ஆல்காட் குப்பம் அடையாற்று முகத்துவாரத்துக்கும் எலியட்ஸ் கடற்கரைக்கும் நடுவே உள்ள மீனவர் ஊர். பக்கத்திலிருக்கும் பெசன்ட் நகரைவிட வயதில் மூத்தது. இருந்தும் பெசன்ட் நகர்க்காரர்களில் எத்தனையோ பேர் அந்தத் தெருவுக்குள் காலெடுத்து வைத்ததில்லை. பாடகர் டி. எம். கிருஷ்ணாவும், சுற்றுச்சூழலுக்காக எழுதியும் போராடியும் வரும் நித்யானந்த் ஜெயராமனும், ஊர்க்காரர்களும், தொண்டர்களும் கூடி அங்கே ஒரு விழா எடுத்தார்கள். கர்நாடக சங்கீதம், பரதநாட்டியம், பறையாட்டம், வில்லுப்பாட்டு, கூத்து எல்லாம் ஒரே விழாவில் வந்தன. டிக்கெட் கிடையாது. முன்வரிசை, பின்வரிசை என்று விலை வைத்த நாற்காலிகள் கிடையாது.

இதில் என்ன பரிசோதனை என்று கேட்கலாம். புது ராகம் கண்டுபிடிக்கவில்லை, புது வாத்தியம் செய்யவில்லை, உண்மைதான். பரிசோதனை செய்யப்பட்டது சங்கீதம் அல்ல, அதன் ரசிகர். 1927-ல் சென்னையில் காங்கிரஸ் கூடியபோது நடந்த சங்கீத மகாநாட்டின் தொடர்ச்சியாக, 1928-ல் மியூசிக் அகாடமி பிறந்தது. அதற்குப் பிறகு சபா என்பது ஒரு பழக்கமாகிவிட்டது. எங்கே கைதட்டுவது, எப்போது எழுந்து போவது, எந்தப் பட்டுப்புடவைக்கு எந்த நாள் என்று எல்லாம் தீர்மானமாகிவிட்டது. குப்பத்தில் அந்தத் தீர்மானங்கள் செல்லாது. காற்று சுருதியோடு போட்டி போடும். ஆலாபனையின் நடுவே குழந்தை அம்மாவைக் கூப்பிடும். அந்தச் சூழ்நிலையில் கேட்டுப் பழகவேண்டியவர் மீனவர் அல்ல, மயிலாப்பூரிலிருந்து வந்தவர்.

‘மேல்சாதிச் சங்கீதத்தைத் தூக்கிக்கொண்டுபோய் மீனவருக்கு ஊட்டப் பார்க்கிறார்கள்’ என்று அப்போது ஓர் ஆட்சேபம் எழுந்தது. இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. மீனவருக்குப் பாட்டு இல்லாமலா இருந்தது? அம்மன் கொடைக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் அவரவர் பாட்டு அவரவரிடம் உண்டு. ஆனால் பறையும் வில்லும் வீணை வகையறாவோடு சமமாக உட்கார்ந்தன என்பதையும் பார்க்கவேண்டும். ஊட்ட வந்தவர் என்றால் தன் இலையில் மற்றவர் பதார்த்தத்தைப் பரிமாறச் சொல்லமாட்டார்.

எனக்கு உள்ள குறை வேறு. சில ஆண்டுகளில் விழா பெரிதாகி, வேறு இடங்களுக்கும் பரவி, ‘சென்னைக் கலைத் தெரு விழா’ என்று பெயர் மாறியது. பெயர் விசாலமானதுதான், காரணமும் இருக்கலாம். ஆனால் ஒரு குப்பத்தின் பெயர் சங்கீத உலகத்தின் வாயில் அடிபட்டது அபூர்வமான விஷயம். அதை அவ்வளவு சீக்கிரம் விட்டிருக்க வேண்டியதில்லை.

சமூகத்தின் பங்கு என்று இன்று புதிதாகப் பேசுகிறோம். சங்கீதத்தில் அது என்றைக்கு இல்லாமல் இருந்தது? மாட்டுத்தோலைப் பதம் பார்த்து, வார் பிடித்து, மிருதங்கம் செய்து கொடுத்த குடும்பங்களைப் பற்றி 2020-ல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்று கிருஷ்ணா ஒரு புத்தகமே எழுதினார். எங்கள் புதுக்கோட்டைச் சீமையில் மான்பூண்டியா பிள்ளை கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்து ஏற்றினார். அவருடைய சிஷ்யர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை அதற்குப் பெரும் புகழ் தேடித் தந்தார். அந்தக் கஞ்சிராவுக்கு வேண்டியிருந்தது உடும்புத் தோல். உடும்பைப் பிடித்தவர் யார், தோலை உரித்து ஒட்டியவர் யார் என்று எந்த ரசிகரும் கேட்டதாகத் தெரியவில்லை. பங்கு எப்போதும் இருந்தது. மேடையில் இடம்தான் இல்லை.

அதே புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோரத்தில் இருக்கிறது ஜெகதாப்பட்டினம். இங்கே இப்படி ஒரு விழா வைத்தால் என்ன என்று ஒரு மீனவப் பெரியவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். அவர் சங்கீதம் வேண்டுமா வேண்டாமா என்று விவாதிக்கவில்லை.

“பாட வரட்டும், தம்பி. திங்கள், புதன், சனி மட்டும் வேணாம். விசைப்படகு போற நாள். நம்ம பிள்ளைங்க அக்கரையில சிறையில கெடந்தா, எந்த நாளும் வேணாம்.”

விழா ஏற்பாட்டைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. பாக் நீரிணையில் இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துக்கொண்டு போய்விட்டால், ஒரு வீடு மட்டும் துக்கம் காப்பதில்லை, தெருவே காக்கும். படகோடு பிழைப்பும் போகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஆட்கள் ஊரில் இருப்பார்கள், கையில் காசு இராது. அப்போது விழா வைக்கலாம். ஆனால் வசூல் கேட்கக்கூடாது. நமது நாட்காட்டியில் மார்கழி இருக்கிறது. அவர்கள் நாட்காட்டியில் காற்றும் தடையும் சிறையும் இருக்கின்றன. எந்த நாட்காட்டியைப் பார்த்துத் தேதி குறிக்கிறோம் என்பதில் விழா யாருடையது என்பது தெரிந்துவிடும்.

ஆகவே, அடுத்த முறை எந்தக் குப்பத்திலாவது சங்கீத விழா நடந்தால், விமர்சகர்கள் முதல் கச்சேரிக்கு வரவேண்டாம். ஒரு மாதம் முன்னதாக, ஊர்க்கூட்டம் கூடுகிற சாயங்காலத்துக்கு வரட்டும். தேதியை யார் சொல்கிறார்கள், யார் தலையாட்டுகிறார்கள் என்று கவனிக்கட்டும். ஊர்க்காரர் ‘அன்றைக்கு வேண்டாம்’ என்று சொல்ல முடிந்து, வந்தவர் அதைக் கேட்டுத் தேதியை மாற்றினால், பாட்டு சுமாராக இருந்தாலும் அந்த விழா தேறிவிட்டது என்று தாராளமாக எழுதலாம்.